ரந்தாவ் வாசலில் தடுக்கப்பட்ட வேட்புமனு: ஒரு தொகுதியின் தேர்தல் அமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரல் 28ஆம் நாள், சனிக்கிழமை காலை, மலேசியாவின் 14ஆவது பொதுத்தேர்தலுக்கான வேட்புமனுத் தாக்கல் நடந்துகொண்டிருந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி சார்பில் பி.கே.ஆர். கட்சி வேட்பாளராகப் போட்டியிட வந்த டாக்டர் எஸ். ஸ்ரீராம், வேட்புமனு மையத்துக்குள் நுழைய முடியாமல் தடுக்கப்பட்டார். தேர்தல் ஆணையம் வழங்கும் நுழைவு அட்டை அவரிடம் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மனுக்களைப் பெறுவதற்குக் காலை 9 மணி முதல் 10 மணி வரை ஒரு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் கடந்தபோது அவருடைய மனு தேர்தல் நடத்தும் அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. எதிர்த்து நிற்க வேறு வேட்பாளர் இல்லாத நிலையில், அப்போது மந்திரி பெசாராக (மாநில முதலமைச்சராக) இருந்த டத்தோஸ்ரீ முகமட் ஹசான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டார்.

பதினொரு நாள் கழித்து, மே 9ஆம் தேதி, ரந்தாவ் மக்கள் வாக்களிக்கச் சென்றபோது ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கான ஒரே ஒரு வாக்குச்சீட்டுதான் அவர்கள் கைக்கு வந்தது. பக்கத்துத் தொகுதிகளில் இருந்தவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஒன்றும் சட்டமன்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு சீட்டுகளில் அடையாளமிட்டார்கள். அன்றைய தேர்தலில் நெகிரி செம்பிலானின் 36 சட்டமன்ற இடங்களில் 20 இடங்களைப் பக்காத்தான் ஹராப்பான் வென்று மாநில ஆட்சியே மாறியது. அந்த மாற்றத்தை ஆதரித்தோ எதிர்த்தோ சொல்ல ரந்தாவ் வாக்காளர்களுக்கு மட்டும் வாய்ப்பில்லாமல் போயிற்று.

இந்த நிகழ்வைக் கட்சிகளுக்கிடையிலான சச்சரவாக எண்ணி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஒரு தொகுதியில் தேர்தலை நடத்தும் அமைப்பு எவரால் ஆனது, எந்த அதிகாரம் எவரிடம் இருக்கிறது, அந்த அதிகாரம் எந்த எழுத்திலிருந்து பிறக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு வழக்கு நம் தோட்டப்புற நகரங்களின் அண்மைக்கால வரலாற்றில் இல்லை என்பது என் கருத்து. ஆகவேதான் அதை அடிமுதல் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரும் வாக்காளரும்

ரந்தாவ், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட பகுதியில், லிங்கி ஆற்றை ஒட்டி, ரப்பர் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சிறு நகரம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களில் சில தாமான்களாக (வீடமைப்புப் பகுதிகளாக) மாறின. தொகுதி வாக்காளர்களில் கால்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இந்தியர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்த தமிழர்கள்.

இத்தகைய ஊர்களில் வாக்காளர் பட்டியலுக்கும் உண்மையான குடியிருப்புக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்து வந்திருக்கிறது. தோட்டம் கைமாறி, லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகி, பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்த பிறகும், அடையாள கார்டில் முகவரியை மாற்றாதவர்கள் பழைய தோட்டத்தின் வாக்காளராகவே நீடிப்பார்கள். வாக்களிப்பு நாளில் மட்டும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்கி, தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில் வரிசையில் நிற்பார்கள். 2018இல் பட்டியலில் சேருவதே தனி முயற்சியாக இருந்தது: 21 வயது நிரம்பியவர் தாமே அஞ்சலகத்துக்கோ ஆணையத்தின் முகப்பிடத்துக்கோ சென்று பதிய வேண்டும். 18 வயதில் வாக்குரிமையும் தன்னியல்பான பதிவும் 2019இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டு 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. 2018இல் சுமார் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். பட்டியலில் சேருவது இலகுவாகிவிட்டது. முகவரி பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

தேர்தலை நடத்துவது யார்?

மலேசியாவில் ஊருக்கு ஊர் நிரந்தரமான தேர்தல் வாரியம் கிடையாது. நகராண்மைக் கழகங்களுக்கான தேர்தல்கள் 1965இல் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தோடு முற்றாக முடிவுக்கு வந்தன. கழக உறுப்பினர்களை அன்றிலிருந்து மாநில அரசுகளே நியமிக்கின்றன. எனவே ரந்தாவ் போன்ற ஒரு நகரத்தில் மக்கள் நேரில் காணும் தேர்தல் அமைப்பு என்பது, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ தேர்தல் வரும்போது திரட்டப்பட்டு, முடிவு அறிவிக்கப்பட்டதும் கலைந்துவிடும் ஒன்று. இதை மனத்தில் கொள்ளாமல் மேற்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது.

உச்சியில் இருப்பது தேர்தல் ஆணையம். அரசியலமைப்பின் 114ஆவது விதியின் கீழ், ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்தாலோசித்து மாமன்னர் அதன் தலைவரையும் துணைத்தலைவரையும் ஐந்து உறுப்பினர்களையும் நியமிக்கிறார். பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆணையமாக அது அமைவதை நியமனத்தின்போது கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பொதுவாக, கூட்டரசு நீதிமன்ற நீதிபதியைப் பதவிநீக்கும் முறையில்தான் அவர்களை நீக்க முடியும். தேர்தலை நடத்துவது, வாக்காளர் பட்டியலைப் பேணுவது, எட்டு ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளியில் தொகுதி எல்லைகளை மறு ஆய்வு செய்வது ஆகிய மூன்றும் 113ஆவது விதி அதற்கு அளித்த பணிகள். தேர்தல் குற்றங்களுக்காக எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அது காவல்துறை, ஊழல் தடுப்பு ஆணையம், அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ஆகியோரின் வேலை.

இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்கும் ஆணையத்துக்குச் சொந்தப் பணியாளர்கள் குறைவு. புத்ராஜெயாவில் தலைமையகமும் மாநிலந்தோறும் ஓர் இயக்குநரின் கீழ் அலுவலகமும் உண்டு. அதற்குக் கீழே தேவைப்படும் பெரும்படையை அரசியலமைப்பின் 115ஆவது விதியே தேடித் தருகிறது: ஆணையம் கேட்டுக்கொண்டால் இயன்ற உதவியைப் பொது அதிகார அமைப்புகள் அனைத்தும் வழங்க வேண்டும். இதன்படி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தேர்தல் நடத்தும் அதிகாரி நியமிக்கப்படுகிறார். பெகாவாய் பெங்குருஸ் என்று நம்மவர்களும் மலாயிலேயே சொல்லிப் பழகிய அந்தப் பதவிக்கு மாவட்ட அதிகாரியோ, நகராண்மைக் கழகத்தின் மூத்த அதிகாரியோ, அவர்களுக்கு இணையான அரசு ஊழியரோ வருவது வழக்கம். அவருக்கு உதவி அதிகாரிகள் இருப்பார்கள். வாக்களிப்பு மையங்களில் ஒவ்வொரு சாலுரானுக்கும் (மையத்துக்குள் தனித்தனியாக இயங்கும் வாக்களிப்பு அறைக்கும்) ஒரு தலைவரும் அவருக்குக் கீழ் எழுத்தர்களும் பணியாற்றுவார்கள். இவர்களில் கணிசமானோர் பள்ளி ஆசிரியர்கள். வெள்ளிக்கிழமை வரை ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், சனிக்கிழமை அதே வகுப்பறையில் சட்டத்தின் பெயரால் அமர்ந்து, எந்தச் சீட்டு செல்லும், எது செல்லாது என்று தீர்மானிக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் நன்மையும் ஒரு பெரும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஊரை அறிந்தவர்கள், ஊர் மக்கள் நம்புகிறவர்கள் இந்த வேலையைச் செய்வது நன்மை. சில வாரங்களுக்கு மட்டும் கூடும் அமைப்பு என்பதால், அதில் பணியாற்றுகிறவர்கள் சட்டத்தை நேரடியாகப் படித்து அறிவதைவிட, பயிற்சிக் கூட்டத்தில் சொல்லப்பட்டதையும் சென்ற தேர்தலில் செய்ததையும் பின்பற்றும் பழக்கம் எளிதில் வேரூன்றிவிடுவது ஆபத்து. ரந்தாவ் வழக்கின் மையம் அந்த ஆபத்துதான்.

நுழைவு அட்டை எங்கிருந்து வந்தது?

வேட்புமனுத் தாக்கல் என்பது தேர்தலின் மிகக் குறுகிய, ஆனால் மீள முடியாத கட்டம். மனு உரிய படிவத்தில் இருக்க வேண்டும். அந்தத் தொகுதியின் பட்டியலில் பெயருள்ள முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். சட்டமன்றத் தொகுதி என்றால் 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்டியிருக்க வேண்டும். இவை அனைத்தும் 1981ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிமுறைகளிலும் அவற்றோடு தொடர்புடைய சட்டங்களிலும் எழுதப்பட்டவை. கையளிக்கப்பட்ட மனு குறைபாடுடையது என்றால் அதை நிராகரிக்கத் தேர்தல் நடத்தும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அப்படி நிராகரித்தால், நிராகரித்தவர் இன்னார், காரணம் இன்னது என்ற பதிவு இருக்கும்.

நுழைவு அட்டை இந்த விதிகளில் இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கும், ஆதரவாளர்கள் மொத்தமாக மையத்துக்குள் புகுந்துவிடாமல் தடுப்பதற்கும் நிர்வாகம் ஏற்படுத்திக்கொண்ட வசதி அது. வேட்புமனு நாளில் மையத்தின் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை புரியும்: இரு பக்கமும் கொடிகள், முரசு, முழக்கம், இடையில் காவல்துறையின் தடுப்புக் கம்பிகள், அவற்றுக்குள் செல்ல ஓர் ஒடுங்கிய வழி. அந்த வழியில் யாரை விடுவது என்று நிற்கும் காவலர் முடிவு செய்ய வேண்டுமானால், கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை அவருடைய வேலையை எளிதாக்கும். ஒழுங்குக்காக அட்டை வழங்கியதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அட்டை இருந்தால் எளிதாக நுழையலாம் என்று தொடங்கிய ஏற்பாடு, அட்டை இல்லாவிட்டால் வேட்பாளரே நுழைய முடியாது என்ற தடையாக எந்த இடத்தில் மாறியது என்பதுதான் கேள்வி.

அன்று காலை நடந்ததை அதிகாரப் படிநிலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. வாசலில் நின்றவர்களுக்கு மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் உள்ள அதிகாரியோ மண்டபத்துக்குள் இருந்தார். அவர் பார்க்காத மனுவை அவர் ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. ஆகவே ஒரு குடிமகன் தேர்தலில் நிற்க முடியாது என்ற மிகக் கடுமையான விளைவை, அதை முடிவுசெய்ய உரிமை பெற்ற எவரும் முடிவு செய்யாமலேயே ஏற்படுத்திவிட்டார்கள். முறைப்படி நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த முடிவை எதிர்த்து வாதாட ஒரு காகிதமாவது இருந்திருக்கும். தொகுதியின் தேர்தல் அமைப்பை ஆராயும்போது இதைவிடக் கவலை தரும் செய்தி எனக்குத் தென்படவில்லை.

நீதிமன்றத்தின் பார்வை

தேர்தல் முடிவை எதிர்ப்பதற்கு நம் நாட்டில் ஒரே வழிதான் உண்டு. முடிவு அரசிதழில் வெளியானதிலிருந்து சட்டம் குறித்த குறுகிய காலத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். அந்த மனுவை விசாரிக்கும்போது உயர்நீதிமன்றம் தேர்தல் நீதிமன்றமாக அமர்கிறது. தெருவில் ஆர்ப்பாட்டம் செய்வதாலோ ஆணையத்துக்குக் கடிதம் எழுதுவதாலோ அறிவிக்கப்பட்ட முடிவு மாறாது. டாக்டர் ஸ்ரீராம் அந்த வழியை எடுத்தார். முகமட் ஹசான், தேர்தல் நடத்தும் அதிகாரி, தேர்தல் ஆணையம் ஆகிய மூவரும் எதிர்மனுதாரர்கள்.

2018 நவம்பர் 16ஆம் நாள் நீதிபதி அஸிமா ஒமார் தீர்ப்பளித்தார். அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை, மனுதாரர் மையத்துக்குள் நுழைவதைத் தடுத்தது தேர்தல் விதிமுறைகளுக்கு இணங்காத செயல், அந்த இணங்காமை தேர்தலின் முடிவையே பாதித்தது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ரந்தாவ் தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

சட்டம் படிக்காதவர்களும் இதிலுள்ள ஒரு நுணுக்கத்தை அறிந்திருப்பது நல்லது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, விதிமீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் ஒரு தேர்தல் கவிழ்ந்துவிடாது. அந்த மீறல் முடிவைப் பாதித்தது என்பதையும் காட்ட வேண்டும். வாக்களிப்பு நாளில் ஒரு சாவடி கால் மணி நேரம் தாமதமாகத் திறந்தது என்றால், ஆயிரக்கணக்கான வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஒருவரின் வெற்றி அதனால் பாதிக்கப்பட்டது என்று நிறுவுவது மிகக் கடினம். ரந்தாவில் நிலைமை வேறு. எதிர்த்து நிற்க வந்த ஒரே ஆளை வெளியே நிறுத்தியதால்தான் போட்டியற்ற வெற்றி என்ற முடிவே பிறந்தது. மீறலுக்கும் முடிவுக்கும் இடையே இவ்வளவு நேரான தொடர்பு தேர்தல் வழக்குகளில் அரிதாகவே அமைகிறது.

மேல்முறையீடு கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 பிப்ரவரி 18ஆம் நாள் அது தள்ளுபடி செய்யப்பட்டு, தேர்தல் நீதிமன்றத்தின் தீர்ப்பு உறுதியானது. வேட்புமனு நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ பத்து மாதங்கள். காலியான இடத்தை 60 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும் என்ற வரையறை இருப்பதால், ஆணையம் உடனே நாள் குறித்தது: மார்ச் 30 வேட்புமனுத் தாக்கல், ஏப்ரல் 9 முன்கூட்டிய வாக்களிப்பு, ஏப்ரல் 13 வாக்களிப்பு. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் அது. வெளியூர்ப் பிள்ளைகள் பண்டிகைக்கு எப்படியும் வீடு திரும்பும் வாரயிறுதி.

வாக்களிப்பு நாளின் அமைப்பு

இடைத்தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 20,926 பேர். அவர்களில் 20,804 பேர் பொது வாக்காளர்கள், 118 பேர் முன்கூட்டியே வாக்களிப்பவர்கள், 4 பேர் வெளிநாட்டில் இருந்தவர்கள். முன்கூட்டிய வாக்குகள் அடங்கிய பெட்டிகள் எண்ணும் நேரம் வரை காவல்நிலையத்தில் பூட்டி வைக்கப்படும்.

வாக்களிப்பு மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், தோட்டப்புறத்தில் அது தமிழ்ப்பள்ளியாக இருப்பதும் வழக்கம். ஒரு மையத்தின் வாக்காளர்கள் வயது வாரியாகச் சாலுரான்களுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் சாலுரானில் மிக மூத்தவர்கள், கடைசி சாலுரானில் இளையவர்கள். இதனால் பாட்டி ஒரு வரிசையிலும் பேத்தி வேறொரு வரிசையிலும் நிற்க நேர்கிறது. சாலுரான் வாரியாக முடிவு வெளிவருவதால் எந்தத் தலைமுறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் கட்சிகள் அன்றிரவே கணக்கிட்டுவிடுகின்றன.

காலையில் சாவடி திறப்பதற்கு முன் பெட்டி காலியாக இருப்பதைச் சாவடித் தலைவர் முகவர்களுக்குக் காட்டி முத்திரையிடுகிறார். பிறகு மேசைகளின் வரிசை தொடங்குகிறது. முதல் எழுத்தர் அடையாள கார்டை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டு, வாக்காளரின் பெயரையும் எண்ணையும் உரக்க வாசிக்கிறார். சுவரோரம் அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்களிடமுள்ள பட்டியலில் அந்தப் பெயரைக் கோடிட்டு அடிப்பதற்காகவே அது உரக்க வாசிக்கப்படுகிறது. அ/லெ (மகன்), அ/பெ (மகள்) என்று நடுவில் இடைச்சொல் சேர்ந்த நம் நீண்ட பெயர்களை எழுத்தர் தடுமாறி வாசிப்பதும், தன் பெயர்தானா என்று உறுதிசெய்ய முதியவர் ஒருவர் மேசையை நோக்கிக் குனிவதும் எல்லாத் தோட்டப்புறச் சாவடிகளிலும் காணும் காட்சி. இரண்டாம் எழுத்தர் இடக்கைச் சுட்டுவிரலில் அழியாத மையைத் தடவுகிறார்; 2013 பொதுத்தேர்தலிலிருந்து இந்த மை நடைமுறையில் இருக்கிறது. மூன்றாமவர் சீட்டைத் தருகிறார். பார்வையற்றவரோ உடல் இயலாதவரோ வந்தால் உதவியோடு வாக்களிக்க விதிகள் வழிசெய்கின்றன. ஒருவர் எவருக்கு வாக்களித்தார் என்ற இரகசியத்தைக் காப்பது, சாவடியில் இருக்கும் அதிகாரிக்கும் முகவருக்கும் சட்டம் விதித்த கடமை.

நேரம் முடிந்ததும் பெட்டி எங்கும் பயணம் செய்வதில்லை. அதே அறையில், அதே சாவடித் தலைவர், முகவர்களின் கண்முன் சீட்டுகளை எண்ணுகிறார். எண்ணிக்கை 14ஆம் படிவத்தில் எழுதப்பட்டு, அவரும் முகவர்களும் கையெழுத்திடுகிறார்கள். போராங் அம்பாட் பெலாஸ் என்று முகவர்கள் அனைவருக்கும் தெரிந்த இந்தத் தாள்தான் ஒட்டுமொத்தத் தேர்தலின் அடித்தளம். தேர்தல் நடத்தும் அதிகாரி கூட்டல் மையத்தில் செய்வது இந்தப் படிவங்களின் எண்களைக் கூட்டி முடிவை அறிவிப்பதுதான். எனவே, தன் அறையின் 14ஆம் படிவப் பிரதியைக் கையில் வாங்காமல் வீடு திரும்பும் முகவர் தன் கட்சிக்கு எந்தப் பயனும் செய்யவில்லை என்றே சொல்வேன். நம் ஊர்களில் முகவர் வேலைக்கு இளைஞர்களைக் கடைசி நேரத்தில் பிடித்துப் போடும் வழக்கம் எல்லாக் கட்சிகளிடமும் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலமும் படிப்பணமும் ஏற்பாடு செய்கிற அளவுக்குக்கூட, அவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

ரந்தாவில் 79.31 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். முகமட் ஹசான் 10,397 வாக்குகளும் டாக்டர் ஸ்ரீராம் 5,887 வாக்குகளும் பெற்றார்கள். இரு சுயேச்சைகளுக்கு 83, 79 வாக்குகள் கிடைத்தன. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காதவர்கள் வைப்புத்தொகையை இழப்பார்கள் என்ற விதி சுயேச்சைகள் இருவருக்கும் பொருந்தியது. 4,510 வாக்குப் பெரும்பான்மையில் அதே மனிதர் அதே இடத்துக்குத் திரும்பினார்.

அப்படியானால் இத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வி பிழையான இடத்திலிருந்து எழுகிறது. 2018இல் முகமட் ஹசானிடம் இருந்தது ஓர் அதிகாரியின் அறிவிப்பு. 2019இல் அவரிடம் இருந்தது 10,397 பேரின் கையடையாளம். எதிர்த்து வாக்களித்த ஆறாயிரம் பேருக்கும் தங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்று ஊரறியப் பதிவாயிற்று. யார் வெல்ல வேண்டும் என்பதில் தேர்தல் அமைப்புக்கு எந்த அக்கறையும் இருக்கக் கூடாது. கேட்கப்பட வேண்டியவர்கள் அனைவரும் கேட்கப்பட்டார்களா என்பது மட்டுமே அதன் பொறுப்பு. அந்த வகையில் ரந்தாவ் இடைத்தேர்தல் வீண் என்று எவரும் சொல்லக் கேட்டால் நான் உறுதியாக மறுப்பேன்.

பாடாங் செராய்: எழுதப்பட்ட விதி இருந்தபோது

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தோட்டப்புறத் தொகுதி உதவும். கெடா மாநிலத்தின் பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில், 15ஆவது பொதுத்தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், 2022 நவம்பர் 16ஆம் நாள், பக்காத்தான் ஹராப்பான் வேட்பாளரும் அத்தொகுதியின் முந்தைய நாடாளுமன்ற உறுப்பினருமான எம். கருப்பையா காலமானார். சீட்டுகள் அச்சாகி, பணியாளர்கள் நியமிக்கப்பட்டு, ஊர் முழுவதும் பதாகைகள் தொங்கிய வேளை. ரந்தாவில் நிகழ்ந்ததைவிட இது பல மடங்கு பெரிய இடையூறு.

ஆனால் இங்கு குழப்பம் எழவில்லை. வேட்புமனுவுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் வேட்பாளர் இறந்தால் அந்தத் தொகுதியின் வாக்களிப்பு நிறுத்தப்பட வேண்டும், புதிதாக வேட்புமனு பெறப்பட வேண்டும், ஏற்கெனவே மனுச் செய்தவர்கள் மறுபடியும் மனுச் செய்யத் தேவையில்லை என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தன. நவம்பர் 24 வேட்புமனு, டிசம்பர் 7 வாக்களிப்பு என்று நாள் குறிக்கப்பட்டு, நாடு முழுவதும் நவம்பர் 19இல் வாக்களித்து முடித்த பிறகு பாடாங் செராய் மக்கள் தங்கள் வாக்கைச் செலுத்தினார்கள். எவரும் நீதிமன்றப் படியேறத் தேவைப்படவில்லை. ஒரே அமைப்பு, ஒரே வகை அதிகாரிகள், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஊர். ஒன்றில் நிலைமைக்குரிய விதி அச்சில் இருந்தது. மற்றொன்றில் அலுவலக வழக்கம் விதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மாற வேண்டியவை

ஒரு தொகுதியின் தேர்தல் அமைப்பில் இன்னும் செய்யப்பட வேண்டியது என்று ரந்தாவ் வழக்கிலிருந்து எனக்குத் தோன்றுபவை பெரிய சட்டத் திருத்தங்கள் அல்ல. வேட்புமனு மையத்தின் வாசலில், தேர்தல் நடத்தும் அதிகாரியின் பெயரால் முடிவெடுக்கும் தகுதி பெற்ற உதவி அதிகாரி ஒருவர் காலை 9 மணிக்கு முன்பிருந்து 10 மணி வரை நிற்க வேண்டும். வேட்பாளர் என்று சொல்லிக்கொண்டு மனுவோடு வருபவரை அவரே அடையாள கார்டைப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். எவரையேனும் அனுப்ப மறுத்தால், பெயரையும் நேரத்தையும் காரணத்தையும் எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்பதையும் எழுதி, கையெழுத்திட்டு, மறுக்கப்பட்டவருக்கு ஒரு பிரதி தர வேண்டும். விதியின் எண்ணை எழுதச் சொன்னாலே போதும். இல்லாத விதியைக் காட்டி எவரையும் தடுக்க முடியாது. காவலருக்கும் இது பாதுகாப்பு, ஏனெனில் தமக்கு உரியதல்லாத முடிவை அவர் எடுக்க வேண்டியிருக்காது.

கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. வேட்பாளரும் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் விதிமுறைகளின் அச்சிட்ட பிரதியோடு வர வேண்டும். வேட்புமனு நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தும் அதிகாரியின் அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டும். தோட்டப்புறங்களில் முன்மொழிபவராகக் கையெழுத்திடப் பெரும்பாலும் கோயில் தலைவரையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோதான் அழைக்கிறார்கள். அவருடைய பெயர் இன்றும் அதே தொகுதியின் பட்டியலில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும்.

ஆசிரியர்களைச் சாவடித் தலைவர்களாக அனுப்பும் நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பயிற்சியில் தரப்படும் கையேட்டோடு நின்றுவிடாமல், 1981ஆம் ஆண்டு விதிமுறைகளில் சாவடித் தலைவரைப் பற்றிய பகுதிகளையாவது அவர்கள் நேரடியாகப் படிக்க வேண்டும். கையேடு சுருக்கமாகச் சொல்வதை விதிமுறை எந்த நிபந்தனைகளோடு சொல்கிறது என்று தெரிந்தவரிடம், செல்லாத சீட்டு என்று ஒரு முகவர் வாதிடும்போது பதில் இருக்கும். அடுத்த பொதுத்தேர்தலுக்கான பணியாளர் பட்டியலைத் தயாரிக்கும்போது, ஏற்கெனவே சாவடியில் பணியாற்றிய ஆசிரியர்களைக் கொண்டு புதியவர்களுக்கு மாவட்ட அளவில் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்துவது பள்ளிகளால் தாமாகவே செய்யக்கூடிய காரியம். அதற்கு ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை, தனி நிதியும் தேவையில்லை. விதிமுறைகளின் பிரதியும் ஒரு வகுப்பறையும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் போதும்.